பக்கத்துக்கு நாலு தப்பு

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் யாராக இருந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். நீளமான மேஜை, தலைக்கு மேல் இரட்டை டியூப்லைட், இடது பக்கம் தைத்து முடித்த சட்டைகளின் குவியல். ஒரு சட்டையை எடுப்பாள், காலரைத் தடவுவாள், இரண்டு கைகளையும் இழுத்துப் பார்ப்பாள், பட்டன்களின் மேல் விரலை ஓட்டுவாள், திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்ப்பாள். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகாது. தையல் விட்டிருந்தாலோ பட்டன் ஒரு நூல் கோணியிருந்தாலோ, சுருளிலிருந்து சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்து அந்த இடத்தில் ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய சட்டை திரும்பவும் தையலுக்குப் போகும். ஒட்டாத சட்டை இஸ்திரிக்குப் போகும். நல்ல சட்டையை அவள் இரண்டாவது தடவை பார்த்தது கிடையாது. பார்த்துக்கொண்டிருந்தால் குவியல் எப்படிக் குறையும்?

பதினோரு வருஷமாக இதே வேலை. அதற்கு முன்னால் மூன்று வருஷம் நூல் பிசிறு வெட்டினாள். கண் அதற்கே பழகிவிட்டது. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் தோள்தையல் ஏறி இறங்கியிருந்தால் போதும், இவள் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவாள். கல்யாணப் போட்டோ கைக்கு வந்தபோது முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் சட்டைப்பை அரை விரல் இறங்கியிருந்ததைத்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

"அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால ஒரு மனுஷன் நின்னான். அவனையும் ஒரு தடவை பாத்து வை" என்பான் புருஷன். அவனுக்கு ரொட்டி வேன் ஓட்டுகிற வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு, மத்தியானம் வந்து விழுந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டான்.

இவர்களுக்கு ஒரே பெண். பிறந்தபோது கையளவுதான் இருந்தாள். காய்கறிக்காரர் கடைசியில் ஒரு பிடி சும்மா போட்டுத் தருவாரே, அந்த மாதிரி இருக்கிறாள் என்று அப்பா கொசுறு என்று கூப்பிட ஆரம்பித்தான். அதுவே நிலைத்துவிட்டது. கொசுறுக்கு இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு.

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆனதும் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். எக்ஸ்ரே பயந்துகொண்டே போய் நின்றாள்.

"பயப்படாதீங்க, தங்கமான பொண்ணு" என்றார் டீச்சர். "ஆனா யாரோடயும் பேச மாட்டேங்குறா. விளையாட்டு பீரியட்ல சுவத்தோட சுவரா நிக்கிறா. வீட்ல தினம் ஒரு அரை மணி நேரம் அவளோட உக்காருங்க. அப்புறம், கிளாஸ்ல ஒரே ஒரு பொண்ணுகிட்ட மட்டும் கொஞ்சம் வாயத் திறக்கிறா. அந்தப் பொண்ண லீவு நாள்ல வீட்டுக்குக் கூப்பிடுங்களேன். ஒரு ஃப்ரெண்டு கிடைச்சாப் போதும், மத்தது தானா வரும்."

ஒரு ஃப்ரெண்டு. அந்த வார்த்தை எக்ஸ்ரேவை எங்கேயோ போய்த் தொட்டது. அவளும் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் கடைசி பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்தவள்தான். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடி சாப்பிட்டவள். அது மகளுக்கும் வரக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிக்கொண்டாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

அவர்கள் வீட்டில் சமையலுக்கும் உட்காருவதற்கும் ஒரே அறை. ஜன்னலோரம் மடக்கு மேஜையைப் போட்டு, கொசுறைக் கணக்கு எழுத வைத்துவிட்டு, இவள் அடுப்புப் பக்கம் நிற்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் கொசுறு நோட்டை எடுத்துக்கொண்டு வருவாள். எக்ஸ்ரே மேலிருந்து கீழ் வரைக்கும் கண்ணை ஓட்டுவாள். தப்பு இருந்தால், தொழிற்சாலையில் மிஞ்சிய சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பு. பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு மகள் பக்கத்தில் வந்து உட்காருவாள். தோளும் தோளும் இடிக்க, உதிரிப் பட்டன்களைக் கொட்டி, "இது எட்டு, இது அஞ்சு, இப்ப சேத்து எண்ணு" என்று அந்த அம்பைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். தப்பே இல்லை என்றால், "சரி, பையில வை." அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் பக்கம் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து தப்பு வந்தது. பாடம் கடினமாகிவிட்டது போலிருக்கிறது என்று எக்ஸ்ரே நினைத்தாள். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஆறு. பிறகு தினமும் நாலு என்று வந்து நின்றது. ஆனாலும் அவள் சலித்துக்கொள்ளவில்லை. எங்கே தப்பு என்று தெரிந்தால் சரி பண்ணிவிடலாம் என்பது அவள் சம்பளம் வாங்குகிற வித்தை.

சனிக்கிழமை தோழி வந்தாள். இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருப்பவரின் மகள். ஊரார் தலையையெல்லாம் படிய வைக்கிற அப்பா, சொந்த மகளின் தலையில் சீப்பை இறக்க முடியாமல் தோற்றுப்போயிருந்தார். அவ்வளவு சுருள். அதனால் அவளைச் சுருட்டை என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். வந்த பத்தாவது நிமிஷம் இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கொசுறு பேசுவது காதில் விழுந்தது. எக்ஸ்ரேவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு போனாள்.

சுருட்டை ஒரு நாய் வரைந்திருந்தாள். நாய்க்கு ஐந்து கால்.

எக்ஸ்ரே ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையெல்லாம் அவள் கைக்குக் கிடையாது. கண் போன இடத்துக்குக் கை போனது, ஐந்தாவது காலின் மேல் சிவப்பு அம்பு உட்கார்ந்தது. "நாய்க்கு நாலு கால்தானே கண்ணு" என்றாள், நல்லவிதமாகத்தான். சுருட்டை அம்பைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், காகிதத்தை நாலாக மடித்துப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் வீட்டுக்குப் போறேன் ஆன்ட்டி."

பிஸ்கட்டைத் தொடவில்லை. எக்ஸ்ரே அவளை சலூன் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினாள். கொசுறு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வருவாடா" என்றாள் எக்ஸ்ரே.

"அவளுக்கு ஒட்டினே. எனக்கு ஒட்டவே இல்ல" என்றாள் கொசுறு.

இது என்ன பேச்சு என்று எக்ஸ்ரேவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்றைக்குப் பள்ளி விடுமுறை, கணக்கும் இல்லை, தப்பும் இல்லை. பிறகு எதற்கு ஒட்டுவது? புருஷனிடம் கேட்டாள். அவன் பாதித் தூக்கத்தில், "உன் பொண்ணுதானே, குறை இல்லாம எப்படி இருப்பா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். மொத்த வீடும் அன்றைக்கு அவளுக்கு எதிரியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பிஸ்கட் தட்டு சாயங்காலம் வரை மூடியே இருந்தது. சுருட்டை வரவில்லை. திங்கட்கிழமை கொசுறு காலணியைக் கழற்றியபடி, "அவ இப்ப வேற பொண்ணோட சாப்பிடுறா" என்றாள். சொன்ன விதத்தில் அழுகைகூட இல்லை. எக்ஸ்ரேவுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தக் கடைசி பெஞ்சை இவளே தூக்கிக் கொண்டுபோய் மகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அந்த இரண்டு பெண்களையும் எப்படியாவது சேர்த்து உட்கார வைக்கும்படி டீச்சரிடம் கேட்கலாம் என்று போனவள், பேச்சுவாக்கில், "கணக்குலயும் கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர். தினம் தப்பு" என்றாள்.

டீச்சர் புருவத்தைத் தூக்கினார். "கணக்கா? அவளா?" எழுந்துபோய் வகுப்பு நோட்டை எடுத்து வந்தார். எக்ஸ்ரே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை. எட்டும் ஐந்தும் இங்கே பதிமூன்றாகவே இருந்தது. வீட்டில் நேற்றுத்தான் அது பதினாலாக இருந்தது.

அன்றிலிருந்து இது அவள் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. அதே பிள்ளை, அதே பென்சில், அதே கணக்கு. ஒரு இடத்தில் சுத்தம், இன்னொரு இடத்தில் குறை. தொழிற்சாலையில் இப்படி வந்தால் என்ன பார்ப்பார்கள்? குறை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஊசி மழுங்கினால் குறை எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் வரும். தைக்கிறவள் களைத்துப்போனால் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கும்பலாக வரும். குறைக்கு ஒரு குணம் உண்டு, அதைப் பிடித்துவிட்டால் காரணத்தைப் பிடித்துவிடலாம். இது எக்ஸ்ரேவுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வீட்டு நோட்டை விரித்தாள். கடைசி மூன்று வாரத்துப் பக்கங்கள், ஒவ்வொன்றிலும் நாலு அம்பு. மேலே ஒன்று, நடுவில் இரண்டு, அடியில் ஒன்று. எல்லாப் பக்கத்திலும் இதே கதை. எல்லா விடையும் சரியான விடைக்கு ஒன்று கூடவோ ஒன்று குறைவாகவோதான் இருந்தது. தெரியாமல் வருகிற தப்பு இப்படி இடைவெளி விட்டு வராது. யாரோ அளந்து பட்டன் வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது.

நோட்டை டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். பிரித்துத் தைத்த துணியைச் சாய்த்துப் பார்த்தால் பழைய ஊசித் துளைகள் தெரியும், அந்தப் பழக்கம். பதினாலுக்கு அடியில், அழுத்தி எழுதி அழித்த தடம் தெரிந்தது. பதிமூன்று. அடுத்த அம்புக்கு அடியிலும் சரியான விடை. அதற்கடுத்ததிலும் அப்படியே. பிள்ளை முதலில் சரியாக எழுதி, பிறகு அழித்துவிட்டு, வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறாள். மூன்று வாரமாக. பக்கத்துக்கு நாலு.

எக்ஸ்ரேவுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. எதற்காக ஒரு பிள்ளை இவ்வளவு பாடுபட வேண்டும்? கொசுறு ஜன்னலோரம் பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? திட்ட மாட்டேன்."

"ம்."

"தினம் நாலு தப்பு போடுறியே, அது ஏன் நாலு?"

கொசுறு அம்மாவின் முகத்தை ஒரு முறை ஆராய்ந்தாள். திட்டு வராது என்று உறுதிப்பட்டதும் ரகசியம் சொல்கிற குரலில் விளக்கினாள். "ரெண்டு போட்டா நீ சீக்கிரம் எழுந்து போயிடுறே. ஆறு போட்டுப் பாத்தேன், உனக்குக் கோவம் வந்துடுச்சு. நாலு போட்டாத்தான் குக்கர் சத்தம் போடுற வரைக்கும் என்கூட இருக்கே."

"ஒண்ணுமே போடலன்னா?"

"பையில வைன்னு சொல்லிடுவே."

அவளே பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். தொழிற்சாலை மேனேஜருக்குக்கூட இவ்வளவு துல்லியமாக இவளை வேலை வாங்கத் தெரிந்ததில்லை. எக்ஸ்ரே சிரித்துவிட்டாள். கூடவே வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷமாக நல்ல சட்டையை ஒரு பார்வையில் தள்ளிவிட்டவள், பெற்ற பிள்ளையையும் அப்படியே தள்ளியிருக்கிறாள். அன்று சனிக்கிழமை மேஜைக்கு அடியில் அவள் எதற்காக அழுதாள் என்பதும் இப்போது விளங்கியது. அம்மாவின் கவனம் முழுதும் வேறொரு பிள்ளையின் நாய்க்குப் போய்விட்டது, அதனால்.

மகளின் தப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் அந்த நாய்க்கும் ஒரு காரணம் இருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது. அதை ஏன் கேட்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொசுறைக் கையில் பிடித்துக்கொண்டு சலூனுக்குப் போனாள். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். சுருட்டை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய நாளிதழின் ஓரத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வாங்க வாங்க. எம் பொண்ணு ஏதாவது வம்பு பண்ணிட்டாளா?" என்றார் சலூன்காரர்.

"இல்லண்ணே. நான்தான் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரே ஸ்டூலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். "அன்னிக்கு நீ வரைஞ்ச நாய் இருக்கே, அதுக்கு அஞ்சு கால் எதுக்குன்னு நான் கேக்காமலே ஒட்டிட்டேன். இப்பச் சொல்றியா?"

சுருட்டை யோசித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்கிற யோசனை. பிறகு, "அது அஞ்சு கால் இல்ல. காத சொறியுது" என்றாள். "சொறியும்போது கால் கீழயும் தெரியும், மேலயும் தெரியும். ரொம்ப வேகமா சொறியும், அதான்."

எக்ஸ்ரே கண்ணை மூடி அந்தக் காலை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் தெருவில் நாய் சொறிவதைப் பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை. நுரைக்குள்ளிருந்து வாடிக்கையாளர் சிரித்தார், சலூன்காரர் கத்தியைச் சட்டென்று தூக்கிக்கொண்டார்.

"அது சரிதான்" என்றாள் எக்ஸ்ரே. "தப்பு என்னோடதுதான். சனிக்கிழமை வர்றியா?"

"படம் காட்ட மாட்டேன்."

"காட்ட வேண்டாம்."

சுருட்டை கொசுறைப் பார்த்தாள். கொசுறு அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தைக் காட்டினாள். சுருட்டை வரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதோடு திரும்பினார்கள்.

அந்த வாரம் எக்ஸ்ரேவுக்குப் பெரும்பாடு. கணக்கு முடிகிற வரை காத்திராமல், பென்சிலைச் சீவும்போதே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் அம்பு இல்லை, கரண்டி இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பட்டன்களை அடுக்கிக் கலைத்தாள். கொசுறு லேசில் நம்பவில்லை. திங்கட்கிழமை வழக்கமான நாலு. எக்ஸ்ரே அம்பு ஒட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. குக்கர் சத்தம் போட்டது, புருஷன் எழுந்துவந்து கொட்டாவி விட்டபடி அணைத்தான். செவ்வாய்க்கிழமை மூன்று, புதன்கிழமை மறுபடியும் நாலு. இருக்கிறாளா, ஓடிவிடுவாளா என்று பிள்ளை சோதித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை ஒன்று. வெள்ளிக்கிழமை பக்கம் முழுக்கச் சுத்தம். நோட்டை நீட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எக்ஸ்ரே ஒவ்வொரு கணக்கையும் விரல் வைத்து மெதுவாகப் பார்த்தாள். ஏழும் ஆறும் பதிமூன்று. ஒன்பதும் நாலும் பதிமூன்று. "ரெண்டும் ஒரே விடை வருதே, எப்படி?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். கொசுறு பட்டன்களை இழுத்துவைத்து அம்மாவுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சுருட்டைதான். பின்னால் சலூன்காரர், கை நிறைய வாழைப்பழத்தோடு.

பிள்ளைகள் தரையில் மருத்துவமனை கட்டினார்கள். தலையணை கட்டில், கரண்டி தெர்மாமீட்டர், தூங்குகிற அப்பாவின் கால்தான் நோயாளி. எக்ஸ்ரே சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுருட்டையின் கவுன் விளிம்பில் ஒரு சாண் தையல் பிரிந்து தொங்கியது. வந்ததிலிருந்து அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விளிம்பிலிருந்து கண்ணைப் பிடுங்கி, முகத்தில் வைத்தாள். அந்தப் பிள்ளை பேசும்போது மூக்கைச் சுருக்குவாள் என்பதை அப்போதுதான் கவனித்தாள். அதைப் பார்த்துக் கொசுறும் மூக்கைச் சுருக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

முதலில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கொசுறு திரும்பிப் பார்த்தாள், அம்மா இருக்கிறாளா என்று. இருந்தாள். பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. பிறகு நோயாளிக்கு ஆபரேஷன் வந்துவிட்டது. அப்பா கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்ள, இரண்டு டாக்டர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பிப் பார்ப்பது நின்றுபோயிருந்தது. அடுத்தது என்ன வைத்தியம் என்று இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேசின. கொசுறு மட்டும் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நீ போய் உன் வேலையப் பாரு. நாங்க பேசணும்."

எக்ஸ்ரே எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.